எலும்பு பொறுக்குகிறவள்: ஜெஸ்மின் வார்டின் நாவலை முன்வைத்து

நாவலில் ஒரு நாய் குட்டி போட்டால் அது தாய்மையின் குறியீடு. மழை பெய்தால் துயரத்தின் குறியீடு. கண்ணாடி உடைந்தால் சிதைவின் குறியீடு. இப்படி எழுதி எழுதியே நம் விமர்சகர்களில் பல பேர் பெரிய ஆளாகிவிட்டார்கள். ஆய்வேடுகளைப் புரட்டினாலும் இதே கதைதான். குறியீடு என்று வாயெடுத்த உடனே நாய் காணாமல் போய்விடுகிறது. அந்த நாய்க்குத் தீனி வாங்கக் காசு எங்கிருந்து வந்தது, அது எந்த இடத்தில் படுத்துக் குட்டி போட்டது, அந்தக் குட்டிகளை விற்று என்ன செய்வதாக இருந்தார்கள் என்கிற கேள்விகளும் நாயோடு போய்விடுகின்றன. மிச்சம் நிற்பது 'தாய்மை' என்கிற ஒரு புனிதச் சொல் மட்டும். அந்தப் புனிதத்தை யாருக்குக் கொடுத்தார்கள், யாரிடமிருந்து பிடுங்கினார்கள் என்று கேட்க நாதியில்லை.

இதைக் கேட்டே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றவைத்த நாவல் ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஜெஸ்மின் வார்டு எழுதிய 'ஸால்வேஜ் த போன்ஸ்'. 2011இல் வந்தது. அந்த ஆண்டின் தேசியப் புத்தக விருதையும் பெற்றது. (2017இல் வேறொரு நாவலுக்காக அதே விருதை மறுபடியும் வாங்கினார். புனைகதைக்காக இரண்டு முறை அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். விருது விஷயம் இதோடு போதும்.)

கதை நடக்கிற இடம் மிசிசிப்பி மாநிலத்தின் கடலோரம். 'புவா சோவாஜ்' என்று ஒரு கற்பனை ஊர். பிரெஞ்சு மொழியில் காட்டு மரம், அடங்காத காடு என்று பொருள்படும். வார்டு வளர்ந்த டிலைல் என்கிற ஊரின் சாயலில் அமைந்தது. கதைசொல்லி எஷ். வயது பதினைந்து. மூன்று ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே பெண். அம்மா இல்லை. கடைசிப் பிள்ளை ஜூனியரை வீட்டிலேயே பெற்றுவிட்டு, அதன் பிறகு அப்பாவின் வண்டியில் ஏற்றப்பட்டவள் திரும்பி வரவில்லை. ஜூனியருக்கு இப்போது ஏழு வயசு. அப்பா குடிக்கிறார். எஷ் கர்ப்பமாக இருக்கிறாள். வயிற்றில் இருப்பது அண்ணன்களின் கூட்டாளி மேனியின் பிள்ளை. அவனோ அவள் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடத் தயாராக இல்லாதவன். பன்னிரண்டு நாள், பன்னிரண்டு அத்தியாயம். பதினோராம் நாள் கத்ரினா புயல். 2005 ஆகஸ்ட் 29. பன்னிரண்டாம் நாள், மிஞ்சியவர்கள்.

முதல் நாள் நாயில்தான் தொடங்குகிறது. சைனா என்று பெயர். வெள்ளை வெளேர் என்று இருக்கிற பிட்புல் வகைப் பெட்டை. எஷ்ஷின் அண்ணன் ஸ்கீட்டாவின் உயிர். கொட்டகைக்குள்ளே ஒரு மொட்டை பல்பின் வெளிச்சத்தில் அது குட்டி போடுகிறது. எஷ் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தான் கர்ப்பம் என்று அவளுக்கே அப்போது உறுதியாகத் தெரியாது. குட்டி வெளியே வருகிறபோது அவளுக்கு அம்மா ஜூனியரைப் பெற்ற நாள் ஞாபகம் வருகிறது. ஒரு நாயின் பிரசவமும் ஒரு மனுஷியின் பிரசவமும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. மேலே சொன்ன விமர்சகர் இங்கேதான் பேனாவை எடுப்பார்: 'சைனா, இழந்த தாயின் குறியீடு.'

அப்படியா? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

அந்தக் குட்டிகளை விற்கத்தான் ஸ்கீட்டா வளர்க்கிறான். வருகிற பணத்தில் மூத்தவன் ராண்டல் கூடைப்பந்துப் பயிற்சி முகாமுக்குப் போக வேண்டும். ராண்டலுக்கு அந்த ஊரைவிட்டு வெளியேற இருக்கிற ஒரே கதவு அதுதான். ஆக அந்தக் குடும்பத்தின் எதிர்காலம் முழுக்க ஒரு நாயின் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கிறது. குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கக் காசில்லை. வெள்ளைக்கார விவசாயி ஒருவரின் கொட்டிலுக்குள் புகுந்து மாட்டுக்குக் கொடுக்கிற மருந்தைத் திருடுகிறார்கள். துப்பாக்கி வெடிக்கிறது, ஓடிவருகிறார்கள். இத்தனையும் நாயைச் சுற்றி நடக்கிறது. இந்த நாய் எதற்கும் 'பதிலாக' நிற்கவில்லை. அது நாயாக, சொத்தாக, பந்தயமாக, ஒரு பையன் தன் அன்பைக் கொட்ட மிச்சமிருக்கிற ஒரே உயிராக நிற்கிறது. அதனால்தான் எஷ் அதைப் பார்த்துப் பாடம் படிக்க முடிகிறது.

ஆமாம், பாடம்தான். என் வாசிப்பில் இந்த நாவலின் மையம் இதுதான். அம்மா இருக்கிற வீட்டில் ஒரு பெண் பிள்ளைக்குத் தெரியவேண்டியதை அம்மாவோ பாட்டியோ சொல்லித் தருவார்கள். எஷ்ஷுக்குச் சொல்ல யாரும் இல்லை. வீட்டில் ஆண்கள் மட்டும். தாயாவது எப்படி என்பதை அவள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்? கண்ணுக்கு எட்டிய தூரத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான். அவளுக்கு எட்டிய தூரத்தில் இருந்தவை ஒரு நாய், பள்ளிக்கூடத்தில் விடுமுறைக்குப் படிக்கச் சொன்ன ஒரு புத்தகம், வந்துகொண்டிருக்கிற ஒரு புயல். விமர்சகர் குறியீடு என்று சொல்வது எஷ்ஷுக்குப் பாடப் புத்தகம்.

அந்தப் பாடம் இனிக்கவில்லை. ஆறாம் நாள் சைனா தன் குட்டிகளில் ஒன்றைக் கடித்துக் கொன்றுவிடுகிறது. அப்பன் நாயின் சாயலில் இருக்கிற சிவப்புக் குட்டி அது. அதே வேளையில் அப்பாவின் கை இயந்திரத்தில் சிக்கி விரல்கள் போகின்றன. எஷ் நின்று பார்க்கிறாள். தாய்மை என்றால் இதுதானா என்று அவளுக்குள் கேள்வி எழுகிறது. 'தாயிற் சிறந்த கோயிலில்லை' என்று சின்ன வயசிலிருந்து மனப்பாடம் பண்ணிய நமக்கு இந்த இடம் வயிற்றைப் பிசையும். பிசையட்டும். தன் குட்டியைக் கொன்ற நாயை வார்டு அரக்கியாக்கவில்லை, மன்னித்துத் தெய்வமாக்கவும் இல்லை. எட்டாம் நாள் பால் கட்டிய மடியோடு அதே சைனா, தன் குட்டிகளின் அப்பனான கிலோ என்கிற நாயோடு சண்டைக் களத்தில் மோதி ஜெயிக்கிறது.

இந்தச் சண்டைக்கு முன்னால் ஒரு வாக்குவாதம் வருகிறது. குட்டி போட்ட பெட்டை பலவீனமாகிவிடும், பெட்டையாய்ப் பிறந்ததற்கு அதுதான் விலை என்கிற மாதிரி மேனி பேசுகிறான். ஸ்கீட்டா மறுக்கிறான். காப்பாற்ற ஒன்று இருக்கும்போதுதான் அதற்குப் பலமே வரும் என்பது அவன் கட்சி. இரண்டு ஆம்பளைகள் நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பவள் வயிற்றில் மேனியின் பிள்ளை. அவளைப் பற்றித்தான் பேச்சு என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியாது. வாசகருக்குத் தெரியும். 'குறியீடு' என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டாமல் இதைச் செய்கிறார் வார்டு.

அடுத்து புத்தகம். ஈடித் ஹாமில்டன் 1942இல் வெளியிட்ட 'மித்தாலஜி' என்கிற கிரேக்கத் தொன்மக் கதைத் தொகுப்பு அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் படிக்கப்படுவது. எஷ் அதில் மெடியாவின் கதையில் மாட்டிக்கொள்கிறாள். காதலன் ஜேசனுக்காகத் தன் தம்பியைக் கொன்று, பிறந்த மண்ணைக் காட்டிக்கொடுத்து, கடைசியில் அவன் வேறொருத்தியைத் தேடிப் போனதும் தான் பெற்ற பிள்ளைகளையே கொன்றவள் மெடியா. மேனியை நினைக்கும்போதெல்லாம் எஷ் மெடியாவை நினைக்கிறாள். இதில் ஒரு குசும்பும் உண்டு. ஜேசன் என்பது மேனியின் பெயரல்ல, ஸ்கீட்டாவின் நிஜப் பெயர். துரோகம் செய்தவனின் பெயரைக் காப்பாற்றுகிற அண்ணனுக்கு வைத்திருக்கிறார் வார்டு. கிரேக்கக் கதையை அப்படியே வாங்கிப் போட்டுக்கொள்ளவில்லை, தலைகீழாகப் பிடித்து உலுக்கியிருக்கிறார்.

எதற்குக் கிரேக்கம்? மிசிசிப்பிச் சேரியில் ஒரு கறுப்புப் பெண்ணுக்கு மெடியா எதற்கு? வெள்ளைக்கார எழுத்தாளன் எழுதினால் உலகப் பொது, கறுப்பரோ பெண்களோ எழுதினால் 'அவர்கள் கதை' என்று ஒதுக்கி வைக்கிற வழக்கம் தனக்கு ஆத்திரமூட்டியது, அதனால்தான் எஷ்ஷை அந்தச் செவ்வியல் கதையோடு சேர்த்து நிறுத்தினேன் என்ற பொருளில் வார்டு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். இந்த ஒதுக்கல் நமக்குப் புதுசில்லை. 'தலித் இலக்கியம்' என்று ஒரு தனி அலமாரியைக் காட்டி, இலக்கியம் என்கிற பெரிய அலமாரிக்குப் பூட்டுப் போடுகிறவர்களை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஆனால் மெடியாவுக்கும் அமெரிக்கக் கறுப்புத் தாய்க்கும் இதைவிடப் பழைய, ரத்தக் கறை படிந்த உறவு ஒன்று இருக்கிறது. 1856 ஜனவரியில் கென்டக்கியிலிருந்து மார்கரெட் கார்னர் என்கிற அடிமைப் பெண் குடும்பத்தோடு தப்பி, உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்கு ஓடிவந்தார். பிடிக்க ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மறுபடியும் அடிமையாக அனுப்புவதைவிட இது மேல் என்று தன் இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றார். அவரைக் கொலைக்காக விசாரிப்பதா, தப்பியோடிய 'சொத்தாக' உடைமைக்காரனிடம் திருப்பித் தருவதா என்று வழக்கு நடந்தது. திருப்பித் தந்தார்கள். 1867இல் தாமஸ் நோபிள் என்கிற ஓவியர் அந்தச் சம்பவத்தை வரைந்தபோது படத்துக்கு வைத்த பெயர் 'நவீன மெடியா'. டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) நாவலுக்கும் விதை இந்தச் சம்பவம்தான். கறுப்புப் பெண்ணுக்கு மெடியா என்கிற பெயரை வெள்ளைக்காரன் ஏற்கெனவே சூட்டியாகிவிட்டது. எஷ் அந்தப் பெயரைக் கையில் வாங்கி, இது எனக்குப் பொருந்துமா என்று போட்டுப் பார்க்கிறாள்.

இன்னும் பின்னால் போனால் 1662. பிள்ளை அடிமையா சுதந்திர ஆளா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று வர்ஜீனியாவில் சட்டம் போட்டார்கள். வெள்ளைக்கார எஜமானன் அடிமைப் பெண்ணைக் கெடுத்துப் பிறந்த பிள்ளையும் அவனுக்கு அடிமையே என்பதற்கு அந்தச் சட்டமே போதும். கருப்பை என்பது எஜமானனின் தொழுவம். எத்தனை ஈற்று, எத்தனை உருப்படி என்று கணக்குப் புத்தகத்தில் எழுதினார்கள். இப்போது சொல்லுங்கள், குட்டி விற்கிற நாயைப் பார்த்து ஒரு கறுப்புப் பெண் தன் வயிற்றை நினைத்துக்கொள்வதை வெறும் 'உவமை' என்று தள்ளிவிட முடியுமா? தாயைத் தெய்வமாக்கிக் கும்பிட்ட அதே சமூகம்தான் இன்னொரு தாயை ஈனுகிற உருப்படியாக எண்ணிவைத்திருந்தது. வார்டு இந்தச் சரித்திரத்தை நாவலில் எங்கும் எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். மெடியாவைச் சில இடங்களில் வார்டு கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிடுகிறார். எஷ் மேனியைப் பார்த்தால் மெடியா, தண்ணீரைப் பார்த்தால் மெடியா. முதல் பாதியில் இது உறுத்துகிறது. நாய் செய்கிற வேலையில் பாதியைக்கூடப் புத்தகம் செய்யவில்லை.

சின்னப் பொருட்கள் செய்கிற வேலை இதைவிடக் கூர்மை. அம்மா இருந்தபோது மண்ணிலும் புதரிலும் கோழிகள் ஒளித்துவைக்கிற முட்டைகளைத் தேடி எடுக்க எஷ்ஷுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அம்மா விட்டுப்போன சொத்து அந்தத் தேடுகிற கண்தான். வயிற்றில் பிள்ளையோடு முட்டை பொறுக்கப் போகிறாள் எஷ். விமர்சகருக்கு முட்டை 'கருவளத்தின் குறியீடு'. அந்த வீட்டில் அது சாப்பாடு. ஜூனியர் விஷயம் இன்னும் கொடுமை. அப்பாவின் வெட்டுப்பட்ட விரலோடு போன கல்யாண மோதிரத்தை அவன் தேடி எடுத்து ஒளித்துவைத்துக்கொள்கிறான். அது அம்மா கொடுத்தது. தன்னைப் பெற்றுவிட்டுச் செத்துப்போன, முகமே தெரியாத அம்மாவிடமிருந்து அவனுக்கு என்று ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு மேலே படிக்க முடியவில்லை.

அவர்கள் வீடு இருக்கிற இடத்துக்கே பெயர் 'பள்ளம்'. தாய்வழித் தாத்தா காசுக்காக வெள்ளைக்காரர்களைத் தன் நிலத்தில் களிமண் தோண்டி எடுத்துப்போக விட்டார். அவர்கள் வீடுகளுக்கு அஸ்திவாரம், இவர்கள் நிலத்தில் பள்ளம். புயல் வரும்போது தண்ணீர் எங்கே வந்து நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புயலுக்கு வருவோம். நாவலில் அரசாங்கம் ஒரு பதிவு செய்யப்பட்ட தொலைபேசிக் குரலாக வருகிறது. எல்லோரும் வெளியேற வேண்டும், இருந்தால் பொறுப்பு உங்களுடையது, சாகவும் நேரலாம் என்கிற பொருளில் அந்தக் குரல் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. எதில் ஏறிப் போவது, எங்கே தங்குவது, கையில் என்ன இருக்கிறது என்று அது கேட்கவில்லை. கத்ரினாவுக்குப் பிறகு, ஏன் வெளியேறாமல் கிடந்தார்கள் என்று ஏழைகளையே குற்றவாளியாக்கினார்கள். வார்டை எழுதத் தூண்டியதில் அந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு. அவரே அந்தப் புயலில் மாட்டியவர். பாட்டியின் வீட்டில் தண்ணீர் ஏற, குடும்பத்தோடு வண்டியில் தப்பி, டிராக்டர்கள் நின்ற ஒரு வயலில் சிக்கிக்கொண்டார்கள். நிலத்தின் வெள்ளைக்கார உரிமையாளர்கள் வந்து பார்த்தார்கள். வீட்டில் ஏற்கெனவே கூட்டம் என்று சொல்லி உள்ளே சேர்க்கவில்லை. பிறகு வேறொரு வெள்ளைக் குடும்பம்தான் இடம் கொடுத்தது. 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் பக்கத்து நிவாரண முகாம்களில் நம் மக்களுக்கு நடந்த ஒதுக்கலை அறிந்தவர்களுக்கு அந்த முதல் வீட்டின் வாசற்படி நன்றாகத் தெரியும்.

பதினோராம் நாளில் தண்ணீர் பரணுக்கு ஏறுகிறது. கூரையைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறார்கள். எஷ் கர்ப்பமாக இருப்பது அப்போதுதான் அப்பாவுக்குத் தெரிகிறது. அந்த நொடியில் அவர் அவளைத் தள்ளுகிறார். தண்ணீரில் விழுகிறாள். ஸ்கீட்டாவால் ஒரு உயிரைத்தான் பிடிக்க முடியும். சைனாவை விடுகிறான், தங்கையைப் பிடிக்கிறான். குட்டிகளும் போகின்றன. நாவல் முழுக்க நாயைத் தாயாகவும் தங்கையாகவும் காதலியாகவும் பார்த்தவன், நிஜமான தேர்வு வந்தபோது குறியீட்டைக் கைவிட்டு மனுஷியைப் பிடித்தான் என்று எழுதக் கை வருகிறது. ஆனால் அதுவும் பொய்யான அழகுதான். அவன் அதற்குப் பிறகு பள்ளத்திலேயே உட்கார்ந்து, சைனா திரும்பி வரும் என்று காத்துக் கிடக்கிறான்.

முடிவில் எஷ் கத்ரினாவையே ஒரு தாயாகப் பார்க்கிறாள். கொன்றவள், அறுத்துப் போட்டவள், ஆனாலும் இவர்களை உயிரோடு விட்டுவைத்தவள். இயற்கைத்தாய், பூமித்தாய் என்கிற கொஞ்சல் இதில் இல்லை. அந்தப் பெண்ணின் அனுபவத்தில் தாய் என்கிற உருவம் எப்போதுமே சாவோடு சேர்ந்துதான் வந்திருக்கிறது. அம்மா பெற்றுச் செத்தாள், சைனா பெற்றதைக் கொன்றது, மெடியாவும் கொன்றாள். இதையெல்லாம் பார்த்த பிறகும் இந்தப் பிள்ளையைப் பெறப் போகிறேன் என்கிறாள். இதைத் தியாகம் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஏனென்றால் அதற்கு முந்தைய அத்தியாயங்களில் ஒரு இடம் இருக்கிறது. கருவைக் கலைக்க என்ன செய்யலாம் என்று பள்ளிக்கூடத்துப் பெண்கள் பேசிக்கொள்கிற ஆபத்தான வழிகளையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள். எதுவும் முடியாது என்பதில் போய் முடிகிறது. கர்ப்பமா என்று பார்க்கிற சோதனைப் பொருளையே கடையில் திருடித்தான் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி என்கிற பேச்சே அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த மாநிலத்தில் சட்டப்படி கருக்கலைப்பு செய்த ஒரே மருத்துவமனை ஜாக்ஸன் நகரில் இருந்தது. கடலோரத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். கருக்கலைப்புக்கான அரசியல் சட்ட உரிமையை 2022 ஜூன் 24இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ரத்து செய்தது அந்த மருத்துவமனை சம்பந்தப்பட்ட வழக்கில்தான். அடுத்த மாதமே அது மூடப்பட்டது. எஷ் தேர்ந்தெடுத்தாளா, தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லாத இடத்தில் நின்று கிடைத்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டாளா? மாணவத் தோழர்கள் இதைத் தங்களுக்குள் விவாதிக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. ஆனால் பெண் தோழர் ஒருவர் நான் எஷ்ஷின் கையிலிருந்து முடிவைப் பிடுங்குகிறேன் என்றார். பதில் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் அப்பா மகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். பிறகு டாக்டரிடம் காட்டணும், எதுவும் தப்பாகிவிடக் கூடாது என்கிற அர்த்தத்தில் நாலு வார்த்தை சொல்கிறார். ஏழு வருஷத்துக்கு முன்னால் பொண்டாட்டியை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிய மனுஷன் அவர். நாவலில் செத்துப்போன அம்மாவுக்கான ஒப்பாரி இந்த இடத்தில்தான் கேட்கிறது. அண்ணன்களின் இன்னொரு கூட்டாளி பிக் ஹென்றி, இந்தப் பிள்ளைக்கு அப்பன் இல்லாமல் என்ன, நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோமே என்பதுபோல் சொல்கிறான். பெண் பிறந்தால் அம்மாவின் பெயர் ரோஸ், பையன் என்றால் ஜேசன் என்று எஷ் முடிவு செய்கிறாள். இடிந்த ஊரில் கண்ணாடித் துண்டும் கல்லும் பொறுக்கி வருகிறாள், கயிற்றில் கோத்துக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட. புயலின் கதையைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமே.

இந்தத் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். 'ஸால்வேஜ்' என்றால் அழிந்ததிலிருந்து தேறுவதை மீட்டெடுப்பது. அது 'ஸாவேஜ்', அதாவது காட்டுமிராண்டி என்கிற சொல்லுக்கு ஒட்டி ஒலிப்பதை வார்டே சுட்டிக்காட்டியிருக்கிறார். தன் ஊர்ப் பிள்ளைகள் அந்த வசவையே பெருமையாக எடுத்துக்கொண்டதையும் சொல்லியிருக்கிறார். 'எலும்புகளை மீட்டெடுத்தல்' என்று அகராதித் தமிழில் போட்டால் சப்பென்று இருக்கிறது. நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: பொறுக்குதல். முட்டை பொறுக்கலாம், விறகு பொறுக்கலாம், கண்ணாடித் துண்டு பொறுக்கலாம். அதே சொல்லில் ஒரு எழுத்தைத் திருப்பினால் 'பொறுக்கி'. நம் பிள்ளைகளைப் பார்த்து ஊர்த் தெருவில் எறிகிற வசவு. சுடுகாட்டில் எரித்த மறுநாள் நடப்பதற்கும் எலும்பு பொறுக்குதல் என்றுதான் பெயர். அங்கே ராத்திரி முழுக்கக் கண்விழித்து நெருப்பைக் காத்துக் கிடக்கிறவர் யார் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யாராவது இந்த நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் 'எலும்பு பொறுக்குதல்' என்றே பெயர் வையுங்கள். 'முகம் சுளிப்பார்கள், விற்காது' என்று பதிப்பாளர் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.